ஏழாம் லைன் கார்டுகள்

மொட்டைத் தலைக்கு இந்த மலைக்குளிர் கொஞ்சம் கூடுதலாகத்தான் தெரிகிறது. மூன்று வாரம் ஆகியும் தொப்பி இல்லாமல் வெளியே இறங்க முடியவில்லை. கையும் சும்மா இருப்பதில்லை, நிமிஷத்துக்கொரு தரம் தலையைத் தடவிப் பார்க்கிறது. நீ உட்காரச் சொல்கிறாய், ரோஸ்மேரி. டொனால்ட் சார் தானா ராத்தா டவுனில் கார் எடுத்து இங்கே ரிங்லெட் வந்து சேர எப்படியும் அரைமணி நேரம் ஆகும். அதுவரை ஒரே நாற்காலியில் இருப்பது என்னால் ஆகாது. நடந்துகொண்டே சொல்கிறேன், நீ கேட்டுக்கொள்.

நீ அவருக்குப் போன் பண்ணியதில் ஒரு தப்பும் இல்லை. இந்த முதியோர் இல்லத்துக்குத் தலைவர் அவர், நான் வெறும் செயலாளர். இந்தக் கம்ப்யூட்டர் மேலும் எனக்குக் கோபம் கிடையாது. நன்கொடை கொடுப்பவர்களின் கார்டுகளை இரண்டு மாதமாக நீ அதில் ஏற்றினாய். பழைய தோட்டத்து ஆட்களை அவர்கள் குடியிருந்த லைன் வீட்டு வரிசை நம்பர்ப்படி அடுக்கச் சொன்னாய், அடுக்கியது. ஆறு வருஷமாக நான் வேறு வேறு பெட்டியில் வைத்திருந்த இரண்டு கார்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றுவிட்டன. ஒன்று அம்மாக்கண்ணு, ஏழாம் லைன், மகன் பழனியப்பன் இந்தியாவில். இன்னொன்று பழனியப்பன், மணப்பாறை, தாயார் அம்மாக்கண்ணு, ஏழாம் லைன், மறைவு 1980 மாளய அமாவாசை. "அங்கிள், அவங்கள மூணு வாரத்துக்கு முன்னாலதானே எரிச்சோம்" என்று கேட்டாய். நல்ல கேள்வி. நீ கெட்டிக்காரப் பெண் என்று சேர்ந்த அன்றைக்கே சொன்னேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். எனக்குச் சம்பளம் தோட்டத்துத் தேயிலைக் கடையில், கிராணி என்கிற எழுத்தர் வேலைக்கு. மலை பார்க்க வருகிறவர்கள் பாக்கெட் வாங்குவார்கள், தங்கள் ஆட்களுக்குத் தபாலில் அனுப்பச் சொல்லிச் சீட்டு எழுதித் தருவார்கள். யாருக்கு, எந்த விலாசம், என்ன விசேஷம், எல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். மீதியை நான் பொட்டலம் கட்டுகிற நேரத்தில் வாயாலேயே சொல்லிவிடுவார்கள். மகள் நர்ஸ் படிக்கிறாள், அப்பாவுக்கு இனிப்புநீர், தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லை. மனுஷர்கள் கடைக்காரனிடம் சொல்வதை வீட்டில் சொல்வதில்லை. அவர்கள் போனதும் நான் அதை ஒரு கார்டில் குறித்துவைப்பேன். ஆரம்பத்தில் அது சும்மா ஒரு பழக்கம்.

உழைத்து ஓய்ந்து, போக இடமில்லாமல் லைன் ஓரத்தில் கிடந்த கிழடுகளுக்காக 1974இல் இந்த இல்லம் ஆரம்பித்தார்கள். உதவி கேட்டு எல்லாருக்கும் ஒரே மாதிரி அச்சடித்த கடிதம் போனது. பதிலே வரவில்லை. கொடுக்கக்கூடியவர்கள் யார், அவர்களுக்கு என்ன சொன்னால் மனசு இளகும் என்பது என் கார்டில் இருந்தது. தையிலும் ஆடியிலும் செய்திமடல் போடும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஸ்டென்சில் தாளை என் கையெழுத்திலேயே ஊசிப்பேனாவால் வெட்டுவேன். நடுவில் இரண்டு வரிக்கு இடம் விடுவேன். சைக்ளோஸ்டைல் உருளையில் ஓட்டி முந்நூறு பிரதி எடுத்தபிறகு, கார்டைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் அந்த இரண்டு வரியைப் பேனாவால் நிரப்புவேன். உருளை மையோடு நிறம் ஒத்துப்போக, கறுப்பில் ஒரு துளி நீலம் சேர்க்க வேண்டும். காய்ந்தபிறகு எது உருளை, எது பேனா என்று எனக்கே அடையாளம் தெரியாது. முழுக் கடிதத்தையும் தனக்காகவே உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்று வாங்குகிறவர் நினைப்பார். கிள்ளான் தங்கையா முதலாளி கடைக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அம்மா செத்த நாளை அவர் வீட்டிலேயே மறந்துவிட்டார்களாம், கிராணி மட்டும் மறக்கவில்லையாம். இதோ மேலே இருக்கிற கூரை அவர் போட்டுக் கொடுத்ததுதான்.

பார், மறுபடியும் ஜன்னலிடம் வந்துவிட்டேன். அது காய்கறி லோரி, டொனால்ட் சார் கார் இல்லை.

அம்மாக்கண்ணு விஷயத்தில் நடந்தது முதலில் ஒரு கைத்தவறுதான். எங்கள் தோட்டத்தில் ஆளை அப்பன் பேர் சொல்லி யார் கூப்பிட்டார்கள்? மூணாம் லைன் வேலாயி, அஞ்சாம் லைன் கந்தன், இப்படித்தான். என் கார்டிலும் அப்படியே எழுதினேன். 1972இல் பழைய ஏழாம் லைனை இடித்துவிட்டு, ஆலைப் பக்கத்து வரிசைக்கு ஏழு என்று நம்பர் போட்டார்கள். அதனால் என்னிடம் ஏழாம் லைன் அம்மாக்கண்ணு இரண்டு பேர் இருந்தார்கள். புது ஏழாம் லைன்காரி பீடோருக்குக் குடிபோனவள், மகன் டைபாய்டில் கிடந்து பிழைத்தவன். பழைய ஏழாம் லைன்காரியின் கதை வேறு. அவள் புருஷனுக்குச் சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவனின் அடையாள அட்டை. வேலை பெர்மிட் கிடைக்காமல் 1970இல் இந்தியாவுக்குக் கப்பலேறினான். பாட்டன் பாட்டியைக் காட்டி ஒரு வருஷத்தில் அனுப்பிவிடுகிறேன் என்று ஆறு வயசுப் பையனையும் கூட்டிப்போனான். இவளுக்குக் குடியுரிமையுள்ள நீல ஐசி, கொழுந்து பறிக்கிற வேலையும் இருந்தது, தங்கிவிட்டாள். இரண்டு கடிதம் வந்தது. அப்புறம் இவள் போட்டதெல்லாம் திரும்பி வந்தது. அவள் ஈப்போவுக்குப் போய் மார்க்கெட் ஓரம் ஆப்பக்கடை போட்டாள். தீபாவளிக்கு இல்லத்துக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்புவாள், அவ்வளவுதான் பழக்கம்.

1978 ஆடி மடலில் பீடோர்க்காரிக்கு எழுத வேண்டியதை நான் ஈப்போக்காரிக்கு எழுதிவிட்டேன். "உங்கள் மகன் நலமாக இருப்பதை அறிந்து இல்லத்தில் அனைவரும் மகிழ்ந்தோம்" என்று.

நாலாம் நாள் காலையில் தாப்பா பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு வந்தாள். செருப்பு மாற்றி மாற்றிப் போட்டிருந்தாள், இடது காலில் ஒரு நிறம், வலது காலில் ஒரு நிறம். கடிதத்தை ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

"ஐயா, யாரு சொன்னா? எம் புள்ளய யாரு பாத்தா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். நம்பர் குழப்பம் அம்மா, மன்னித்துக்கொள் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும். வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஊரிலிருந்து கப்பலில் வந்த ஒருத்தர் சொன்னார் என்றேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, தேயிலைப் பெட்டியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் யாருக்கும் கொடுத்ததில்லை, என் பெண்டாட்டிக்குக்கூட. பாவம் பார்த்துத்தான் சொன்னேன் என்று இதை நீ டொனால்ட் சாரிடம் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு அவளே எனக்கு எல்லாம் கொடுத்தாள். மகனுக்கு இடது முழங்கையில் கஞ்சி கொட்டின தழும்பு உண்டு என்பாள், நான் கார்டில் குறித்துக்கொள்வேன். அடுத்த தை மடலில், தழும்பு மங்கிவிட்டதாம், கையில் பலம் இருக்கிறதாம் என்று இரண்டு வரி போகும். கணக்கு நன்றாகப் போடுவான் என்றாள். ஆறு மாதம் கழித்து வகுப்பில் அவன்தான் முதல் என்று எழுதினேன். அவள் கொடுத்ததைத்தான் அவளுக்குத் திருப்பிக் கொடுத்தேன், நானாக ஒன்றும் அதிகம் சேர்க்கவில்லை. அவன் ஏன் நேராக எழுதுவதில்லை என்று கேட்டபோது மட்டும், அப்பனுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறான், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றேன். பொறுத்துக்கொண்டாள். ஈப்போவில் கோயில் கோயிலாக ஏறி இறங்கி நம் இல்லத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்தாள். என் கார்டுப் பெட்டி ஒன்று மூன்றானது அவளால்தான். இருபத்திரண்டு கிழடுகள் மூன்று வேளை சாப்பிட்டது அவள் காலில் தேய்ந்த செருப்பால்தான். அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை.

ஒவ்வொரு தீபாவளிக்கும் மகனுக்கென்று ஒரு சட்டை தைத்துக்கொண்டு வருவாள், ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்துவிடச் சொல்லி. ஆள் வளர்ந்திருப்பானே என்று வருஷா வருஷம் அளவைப் பெரிசாக்கிக்கொண்டு போனாள். நான் அதை வீணாக்கவில்லை, இங்கே இருக்கிறவர்களுக்குத்தான் கொடுத்தேன். 1985இல் அவள் வந்திருந்தபோது நம் இருளப்பன் கிழவன் அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு முன்வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தான். நாலாவது பொத்தானைச் சிவப்பு நூலில் தைப்பது அவள் வழக்கம் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். கிழவன் பக்கத்தில் போய் அந்தப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தாள். நான், ஒரே கடைத் துணி, ஒரே தையல்காரன் போலிருக்கிறது என்றேன். "ஆமாலா, கடைக்காரன் எனக்கு மட்டுமா விப்பான்" என்று சிரித்தாள். கிழவனின் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துவிட்டுப் போனாள். அடுத்த வருஷமும் சட்டை வந்தது.

நீ கேட்கப்போவது பழனியப்பன் கார்டைப் பற்றி. அவசரப்படாதே, அங்கேதான் வருகிறேன். தண்ணீர் கொஞ்சம் ஊற்று.

1981 சித்திரையில் தோட்டத்து ஆபீசுக்கு இந்தியாவிலிருந்து ஒரு தபால் வந்தது. மேனேஜருக்குத் தமிழ் தெரியாது, தமிழ்த் தபால் எல்லாம் என் மேசைக்கு வரும். கோணல் கையெழுத்து. பேர் பழனியப்பன், வயசு பதினேழு. அப்பன் 72இலேயே காய்ச்சலில் போய்விட்டான், அத்தை வீட்டில் வளர்ந்தானாம், படிப்பு நாலோடு நின்றுபோய் இப்போது சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறானாம். தோட்டத்துப் பேர் அவனுக்கு மறந்தே போயிருந்தது. யார் வீட்டிலோ நம் தேயிலைப் பாக்கெட்டைப் பார்த்திருக்கிறான், அதில் இருந்த படத்தை வைத்து அடையாளம் கண்டுபிடித்து எழுதியிருந்தான். அந்தப் பாக்கெட்டைத் தபாலில் கட்டி அனுப்பியவன் நானாகத்தான் இருப்பேன். "ஏழாம் லைனில் என் அம்மா அம்மாக்கண்ணு இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், எனக்கு வேறு யாரும் இல்லை, எப்படியாவது வந்துவிடுகிறேன்" என்று முடித்திருந்தான்.

மூன்று நாள் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். சாப்பாடு இறங்கவில்லை, அதையும் எழுதிக்கொள். நான் கல் மனசுக்காரன் இல்லை. ஆனால் நீயும் கொஞ்சம் யோசித்துப் பார். என் மடலில் அவன் வகுப்பில் முதலாவதாக வந்து, டவுனில் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தான். அப்பன் உயிரோடு, சத்தியத்தோடு இருந்தான். இந்தப் பஞ்சர் கடைக் கடிதம் அவள் கைக்குப் போனால் மூன்று வருஷத்துக் கதையும் ஒரே நாளில் வெளியே வரும். அவள் கொண்டுவந்த ஆட்கள் எல்லாம் அவரவருக்கு வந்த இரண்டு வரியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். தங்கையா முதலாளி பார்ப்பார். அப்புறம் இங்கே அடுப்பு எரியுமா? ஒரு பக்கம் ஒரு தாயும் பிள்ளையும், இன்னொரு பக்கம் இருபத்திரண்டு பேர். நான் தராசில் நிறுத்துத்தான் பார்த்தேன்.

அவனுக்குப் பதில் எழுதினேன். நல்ல கடிதம் அது, அவசரத்தில் எழுதியதல்ல. உங்கள் தாயார் சென்ற வருஷம் காலமானார், நோயில் அதிகம் கிடக்காமல் அமைதியாகப் போனார், கொள்ளி முறைப்படி வைக்கப்பட்டது, கடைசிவரை உங்கள் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார் என்று எழுதினேன். தேதிக்கு மாளய அமாவாசையைப் போட்டேன். பிள்ளைக்கு ஞாபகம் வைக்கச் சுலபம், திதி கொடுக்கப் புரோகிதரைத் தேடி அலைய வேண்டியதில்லை. தவிர, ஆடி மடல் கப்பல் தபாலில் போனாலும் அதற்கு முன்பே அவன் கைக்குக் கிடைத்துவிடும்.

ஆமாம், அவனுக்கும் மடல் போனது. அம்மா பேரில் கிழவர்களுக்கு ஒரு வேளை சோறு போடுங்கள் என்று முதல் வருஷமே ஏதோ கொஞ்சம் பணம் அனுப்பியிருந்தான். கொடுத்தவருக்குக் கார்டு போடாமல் இருக்க முடியுமா? ஒவ்வொரு ஆடிக்கும், தாயாரின் திதி நெருங்குகிறது, இல்லத்தில் அன்று விளக்கேற்றுவோம் என்று இரண்டு வரி எழுதுவேன். ஏற்றவும் செய்தேன். ஒரு வருஷம் அந்த விளக்குக்கு எண்ணெய் ஊற்றியது அம்மாக்கண்ணுதான், அன்றைக்கு வந்திருந்தாள். யாருக்கு விளக்கு என்று கேட்டாள். மணப்பாறையில் ஒரு பையன், அம்மாவைப் பறிகொடுத்தவன் என்றேன். "பாவம், அந்தப் புள்ள நல்லாருக்கணும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

நீ அழுவதென்றால் அழு. நான் நிறுத்திக்கொள்ள மாட்டேன், நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது.

இந்தத் தீபாவளிக்கு அவள் வரவில்லை. ஈப்போவில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று தகவல் வந்தது, போய்ப் பார்த்தேன். வயிற்றில் கட்டி, முற்றிப்போயிருந்தது. தலையணைக்குக் கீழே என் மடல்கள் எல்லாம் அடுக்காக இருந்தன, நுனி மடங்காமல். பக்கத்துக் கட்டில்காரி நகர்ந்ததும் என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"ஐயா, நான் போயிடுவேன். அதெல்லாம் பொய்யின்னா இப்ப சொல்லிடுங்க. கோவிச்சுக்க மாட்டேன். நீங்க இல்லாட்டி இந்த ஒம்பது வருசம் நான் இருந்திருக்கவே மாட்டேன்."

அப்போது என் சட்டைப் பையில் பழனியப்பனின் புதுக் கடிதம் இருந்தது. சொந்தமாக ஒரு சைக்கிள் கடை போட்டுவிட்டானாம். பக்கத்து அரிசி மண்டியில் போன் இருக்கிறது, எதாவது என்றால் கூப்பிடுங்கள் ஐயா என்று நம்பர் எழுதியிருந்தான். வார்டு வாசலில் ஒரு போன் இருந்தது. சில்லறையும் என்னிடம் இருந்தது. நம்பரைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடமே ஆகியிருந்தது, இப்போது கேட்டாலும் சொல்வேன்.

எல்லாம் உண்மைதான் அம்மா, அவன் நன்றாக இருக்கிறான், கடை வைத்திருக்கிறான் என்றேன். யோசித்துப் பார்த்தால் அது பொய்யும் இல்லை. "கடையா" என்றாள். "அப்ப நல்லாத்தான் இருக்கான்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். நான் வாசல்வரை போனேன். போன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு சீனக் கிழவர் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசி முடிப்பதற்குள் தாப்பா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒரு போன் பண்ணியிருக்கலாமே என்று நீ கேட்பாய். பண்ணியிருந்தால் செத்துக்கொண்டிருக்கிறவளுக்கும் நிம்மதி இல்லை, ஆறு வருஷம் அவளுக்குத் திதி கொடுத்தவனுக்கும் நிம்மதி இல்லை. இரண்டு பேருடைய மனசையும் எனக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும்?

இரண்டாம் நாள் போய்விட்டாள். உடலை வேனில் மேலே கொண்டுவந்தோம், நீயும் மயானம்வரை வந்தாய். கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லை என்றதும் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் முன்னால் போய்த் தலையைக் குனிந்து, நாவிதனிடம் முடியை எடுக்கச் சொன்னேன். பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்ய மாட்டான் என்று டொனால்ட் சார் எல்லார் முன்னாலும் சொன்னார். உனக்கு ஞாபகம் இருக்கும்.

கார் சத்தம் கேட்கிறதா? ஆமாம், அவர் கார்தான், வளைவில் ஹார்ன் அடிக்கிறார். நான் ஒன்றையும் மறைக்கப்போவதில்லை, உன்னிடம் சொன்னதையே அவரிடமும் சொல்வேன். அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. தை மடலுக்கு ஸ்டென்சில் வெட்டியாகிவிட்டது, இரண்டு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். பழனியப்பனுக்கு என்ன எழுதுவது என்று மூன்று வாரமாகத் தூக்கமில்லாமல் யோசித்தேன். இன்று காலைதான் பிடிபட்டது. தாயார் காலமானார், அமைதியாகப் போனார், கொள்ளி முறைப்படி வைக்கப்பட்டது, கடைசிவரை மகன் பேச்சுதான். எல்லாமே நான் 81இல் எழுதியதுதான், ஒவ்வொன்றும் அப்படியே நடந்துவிட்டது. அந்தக் கார்டை இப்படிக் கொடு, ரோஸ்மேரி. தேதியை மட்டும் திருத்தினால் போதும், மற்றதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.